துறந்தது எதை? பிலிப் மல்ரைனும் இறையழைத்தலும்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1978-இல் பிறந்த பிலிப் மல்ரைன் நடுக்களக் கால்பந்தாட்டக்காரர். மான்செஸ்டர் யுனைட்டெட் இளையோர் அணியில் வளர்ந்து 1997-இல் அதன் முதன்மை அணியில் இடம்பெற்ற அவரை, 1999-இல் நார்விச் சிட்டி 5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அங்கே 150-க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள் ஆடினார். 2004-இல் நார்விச் பட்டம் வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியபோதும் அவர் அணியில் இருந்தார். நாட்டுக்காக 27 முறை களமிறங்கினார். 2005-க்குப் பிறகு கார்டிஃப், லெய்டன் ஓரியன்ட், கிங்ஸ் லின் கழகங்கள் என்று இறக்கம்தான். 2009-இல் குருமடத்தில் நுழைந்து, 2012-இல் தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் சபை என்று அழைக்கும் டொமினிக்கன் சபையில் சேர்ந்தார். 2017 ஜூலை 8 அன்று டப்ளினில் குருப்பட்டம் பெற்றார்.

செல்வத்தையும் புகழையும் துறந்தவர் என்றே அவரைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இது மேலோட்டமான பார்வை. குருமடத்தில் காலடி வைத்தபோது அவருடைய ஆட்ட வாழ்க்கை முடியும் தறுவாயில் இருந்தது. கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பதை ஒருவர் துறக்க முடியாது. அவர் துறந்தது வரவிருந்த காலத்தை. டொமினிக்கன் துறவி வார்த்தைப்பாடு (துறவு உறுதிமொழி) தரும்போது வெளிப்படையாகச் சொல்வது கீழ்ப்படிதல் ஒன்றை மட்டுமே; ஏழ்மையும் கற்பும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆட்டக்காரரும் பயிற்சியாளருக்குக் கீழ்ப்பட்டவர்தான். கழகம் விற்றால் ஊர் மாறவும் வேண்டும். ஆனால் ஒப்பந்தத்துக்கு விலையும் முடிவுத் தேதியும் உண்டு. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு இரண்டும் இல்லை. எங்கே வாழ்வது, எந்தப் பணியைச் செய்வது என்பதைச் சாகும்வரை பிறர் தீர்மானிக்க விட்டுக்கொடுப்பது, பணத்தை விடுவதைக் காட்டிலும் மிகக் கடினமானது.

அப்படியானால் ஆடிய ஆண்டுகள் வீணா? அதே சபையைச் சேர்ந்த 13-ஆம் நூற்றாண்டுத் துறவி தாமஸ் அக்குவினாஸ் ‘சும்மா தியோலோஜியே’ நூலில் மனிதனின் பேரின்பம் எதில் உள்ளது என்று ஆராய்கிறார். செல்வம், மதிப்பு, புகழ், அதிகாரம், உடல்நலம், இன்பம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விலக்குகிறார். செல்வம் வேறொன்றை அடைவதற்கான கருவி. புகழ் பிறருடைய அறிவைச் சார்ந்தது, அந்த அறிவோ தவறக்கூடியது. இவற்றைத் தீயவை என்று அவர் சொல்லவில்லை, இறுதியானவை அல்ல என்கிறார். இறையருள் இயற்கையை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்பதும் அவர் கொள்கை. அந்த நோக்கில் பார்த்தால், பந்தைத் தன் வசப்படுத்திய கால்களின் திறமை உண்மையான நன்மைதான். அதற்காக ஒரு துறவி வெட்கப்பட வேண்டியதில்லை.

ஓய்வு தந்த வெறுமையை நிரப்பவே சமயத்தை நாடினார் என்று ஒரு மறுப்பு எழலாம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிறர் தம் தொழிலில் காலூன்றும் முப்பதுகளில் கால்பந்தாட்டக்காரரின் தொழில் முடிந்துபோகிறது. எதற்காக வாழ்வது என்ற கேள்வி முன்கூட்டியே வந்து நிற்கிறது. ஆனால் ஒரு கேள்வி எழுந்த சூழ்நிலை வேறு, அதற்குக் கிடைத்த விடையின் உண்மை வேறு. 1521-இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்கிய பிறகுதான் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் மனம் திரும்பினார். அதனால் அவர் கண்டது பொய்யாகிவிடவில்லை. அழைத்தல் உண்மையா என்பதைத் திருச்சபை காலத்தைக் கொண்டு சோதிக்கிறது. மல்ரைனுக்குப் பெல்ஃபாஸ்டில் மெய்யியல், ரோமில் இறையியல், பிறகு சபைப் பயிற்சி எனக் குருப்பட்டம் வரை எட்டு ஆண்டுகள் ஆயின. இறுதி வார்த்தைப்பாடு வரை விலகிச் செல்லும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது.