வழிப்பொழுது யாருடையது?



மட்டாஞ்சேரியில் பொழுது புலர்வதற்கு முன்னரே ஒரு கூட்டம் தெருவில் இறங்கிவிடுகின்றது. கடைத்தெருவின் மிளகுக் கிடங்குகளும் இஞ்சிக் கிடங்குகளும் அப்பொழுது இன்னும் திறக்கப்பட்டிரா. கையில் சோற்றுப் பாத்திரமும் தோளில் பையுமாகச் செல்லும் அவர்களில் சிலர் படகுத்துறையை நாடுவர். பலர் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பர். தோப்பும்படி, வில்லிங்டன் தீவு, தேவரை, எறணாகுளம் என ஒவ்வோர் இடமாகத் தாண்டி, காக்கநாட்டை அடைவதற்குள் ஒன்றரை மணி நேரம் சென்றுவிடும். மாலையிலும் அவ்வாறே.

இங்ஙனம் நாள்தோறும் சென்று வரும் நம் அன்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். "பொறுமை பெரிய அறம் என்று கூறுகின்றீர்கள். என் வாழ்நாளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வழியிலேயே கழிகின்றது. இதனைப் பொறுத்துக்கொள்வது அறமா? பொறுத்துப் பொறுத்துத்தானே நம் முன்னோர் தாழ்ந்து கிடந்தனர்?" என்றார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. வினா சிறிதாகத் தோன்றினும் அதன் வேர் ஆழமானது. ஆகவே அதனை இங்கே ஆராயப் புகுகின்றோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு மூன்று மணி. ஆண்டுக்கு வேலைநாள் 300 என்று கொண்டால் 900 மணி. எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையாகக் கொண்டால் இது 112 நாள் வேலைக்கு மேலாகின்றது. முப்பது ஆண்டு உழைப்பவர் 27,000 மணியை, அதாவது இரவும் பகலுமாக மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்நாளை, வழியில் இழக்கின்றார். இதற்குக் கூலி இல்லை; இதனை ஓய்வென்று சொல்லவும் இயலாது. முதலாளியின் கணக்கிலும் இல்லாமல், குடும்பத்தின் கணக்கிலும் இல்லாமல் மறைந்துபோகும் பொழுது இது.

சட்டமும் இப்பொழுதை எண்ணுவதில்லை. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார்கள். அக்காலத்தில், 1946-இல் திருத்தப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. தொழிலாளிக்கு அது பெரும் பேறு. ஆயினும் அச்சட்டத்தின் கடிகாரம் தொழிற்சாலை வாயிலில்தான் ஓடத் தொடங்குகின்றது. வாயிலுக்கு வந்து சேரும் பாடு தொழிலாளியின் சொந்தப் பாடாகவே விடப்பட்டது. வீடும் வேலையும் அருகருகே இருந்தவரை இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. நகரம் விரியுந்தோறும் குறையும் விரிந்தது.

கொச்சியின் வரலாறே இதற்குச் சான்று. ஒரு காலத்தில் வேலை மட்டாஞ்சேரிக்கு வந்தது. வாசனைச் சரக்கு வாணிகம் செழித்த இவ்விடத்தில் தமிழரும், கொங்கணியரும், குஜராத்தியரும், யூதரும் குடியேறினர். 1920-இல் பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தார். அவர் முயற்சியால் துறைமுகம் ஆழமாக்கப்பட்டது. தோண்டியெடுத்த மண்ணால் வில்லிங்டன் தீவு விரிந்தெழுந்தது. பெருங்கப்பல்கள் அங்கே அணைந்தன. வேலை நீருக்கு அப்பால் சென்றது. பின்னர் எறணாகுளம் வளர்ந்தது. 2004-இல் காக்கநாட்டில் இன்போபார்க் தொடங்கியது. வேலை மேலும் மேலும் கிழக்கே நகர்ந்தது. வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே இத்தொலைவு தொழிலாளி தேடிக்கொண்டதன்று; பிறர் செய்த முடிவுகளால் அவன் காலடியில் நீண்ட தொலைவு என்க.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். "தொலைவு முற்றும் தீமையா?" என்று ஒருவர் வினவலாம். இவ்வாதத்தை நாம் தள்ளிவிட முடியாது. கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் தோபிகானா என்ற சலவைத்துறை உள்ளது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன. டச்சுக்காரர் காலத்தில் அவர்தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது வழிவழிச் செய்தி. அவர்களுக்கு வேலை வீட்டருகிலேயே இருந்தது. ஆனால் அந்த அண்மை அவர்கள் தேர்ந்துகொண்டதா? பிறப்பால் தொழிலையும், தொழிலால் குடியிருப்பையும் வகுத்த சமுதாயம் பலரை வேலைக்கு அருகிலேயே கட்டி வைத்தது. சேரியில் பிறந்தவனுக்குச் சேரியின் தொழிலே வாய்த்தது. அக்கட்டை அறுத்துக்கொண்டு நம் மக்கள் பஸ் ஏறி, ஆறு கடந்து, சாதி கேளாத வேலையைத் தேடிச் செல்கின்றனர் என்றால், அவ்வழி அவர்களுக்கு விடுதலை வழியும் ஆகின்றது. ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்று செல்லும் மகன், தன் தந்தை நிற்க நேர்ந்த இடத்தில் நிற்க வேண்டாதவன் ஆகின்றான். இதனை நாம் மறத்தல் ஆகாது.

ஆனால் விடுதலைக்கு விலை உண்டு என்பதனால், விடுதலை பெற்றவரே அவ்விலை முழுவதையும் செலுத்தவேண்டும் என்பது நியாயமாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து.

இனிப் பொறுமையைப் பற்றிக் காண்போம். தம்மபத உரையில் வரும் ஒரு நிகழ்ச்சி இங்கே நமக்கு உதவும். ஆளவி நகரில் ஓர் ஏழை உழவன் இருந்தான். பகவன் புத்தர் அந்நகர்க்கு எழுந்தருளியதை அறிந்து, அறவுரை கேட்க விரும்பினான். அன்று காலையில் அவன் எருது ஒன்று காணாமற் போயிற்று. அலைந்து தேடிக் கண்டுபிடித்தபின், பசியும் களைப்புமாக ஓடிவந்தான். மக்கள் திரண்டு காத்திருந்தனர். பகவனோ அவன் வருமளவும் வாய் திறவாதிருந்தார். அவன் வந்ததும் முதலில் அவனுக்கு உணவளிக்கச் செய்தார். அவன் உண்டு களைப்பாறிய பின்னரே அறம் உரைத்தார். பிக்குகள் இதனைக் குறித்து வியந்து பேசியபோது, பசியால் வருந்துபவன் அறத்தை விளங்கிக்கொள்ள மாட்டான் என்பதை அவர்களுக்கு உணர்த்தினார்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? களைத்து வந்தவனுக்குப் பொறுமையைப் போதிப்பதற்கு முன்னர் அவன் களைப்பை நீக்குதல் வேண்டும். வேலைக்காரி கால் மணி நேரம் பிந்தி வந்தால் கடிந்துகொண்டு, பின்னர்ப் பொறுமையின் பெருமையைப் பேசும் வீட்டுத் தலைவி அறம் உரைப்பவள் ஆகாள். பொறுமை ஒருவன் தானே மேற்கொள்ளும் அறம். மற்றவன் தலைமேல் ஏற்றும் சுமை அன்று.

அங்ஙனமாயின் சினமே வழியோ? அதுவும் அன்று. பஸ்ஸில் நெரிசலுற்றவன் தன் சினத்தை யார்மேல் காட்டுகின்றான்? தொலைவை உண்டாக்கியவர்மேல் அன்று. அவர்கள் அங்கே இருப்பதில்லை. டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்மேலும், இடித்து நிற்கும் கிழவர்மேலும் காட்டுகின்றான். எஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுசென்று மனைவிமேலும் மக்கள்மேலும் கொட்டுகின்றான். பகலில் நகரம் அவனிடம் வாங்கிய கடனை இரவில் அவன் குழந்தை கட்டுகின்றது. இஃது எத்துணைக் கொடுமை!

ஆகவே பொறுமைக்கும் நீதிக்கும் உரிய எல்லைகளை நாம் வகுத்துக்கொள்ள வேண்டும். தனக்கு நேர்ந்த துன்பத்தை அடுத்தவர்க்குக் கைமாற்றாதிருத்தல் பொறுமை. அத்துன்பம் மீண்டும் உண்டாகாமல் தடுத்தல் நீதி. முன்னது பஸ்ஸின் உள்ளே வேண்டும்; பின்னது பஸ்ஸை விட்டு இறங்கிய பின்னர் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுபவன் பாதி அறமே செய்தவன் ஆவான்.

மட்டாஞ்சேரித் தொழிலாளர் இதனை அறியாதவர் அல்லர். துறைமுகத்தில் முன்னர்ச் சாப்பா என்றொரு முறை இருந்தது. வேலை தேடித் திரண்ட கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசுவர். முட்டி மோதிப் பொறுக்கியவனுக்கே அன்று வேலை. வெறுங்கையுடன் திரும்பியவனுக்கு வந்த வழியும் வீண். அம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர், தொழிலாளர் உயிரிழந்தனர். பின்னர் அம்முறை ஒழிந்தது. வில்லைக்காக ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்தவரை அவர்கள் வலியற்றவர். மோதிக்கொள்வதை விட்டு வில்லை வீசும் முறையையே எதிர்த்தபோது வலியுற்றனர். பஸ்ஸில் இடத்துக்காகச் சண்டையிடும் நாமும் இதனைச் சிந்தித்தல் நலம்.

நீதியால் ஆகக்கூடியது யாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகளும் உண்டு. சென்னையில் 2000-ஆம் ஆண்டு முதல் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த ஏழை மக்கள் பல்லாயிரவர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டனர். சுவர் எழுப்பிய வீடு கிடைத்தது. வேலையோ பழைய இடத்திலேயே நின்றது. வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் பஸ் கட்டணமும் பொழுதும் தாங்காமல் வேலையை இழந்தனர். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. இதனால் காசு மிஞ்சியது; ஆயினும் பொழுது மிஞ்சவில்லை. மாறாக, கோட்டைக் கொச்சியின் துருத்தியில் நெருக்கடியான குடில்களில் வாழ்ந்தவர்களுக்கு, அவ்விடத்திலேயே இரு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டு, 394 வீடுகள் 2025-இல் வழங்கப்பட்டன. அவர்கள் தம் வேலையையும் பள்ளியையும் அயலாரையும் இழக்கவில்லை. ஏழைக்கு வீடு எங்கே அமைப்பது என்பது கட்டடக் கலையின் வினா மட்டுமன்று. அறத்தின் வினாவும் ஆகும்.

போக்குவரவிலும் மாற்றம் வந்துள்ளது. 2017-இல் கொச்சியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் மின்கலத்தால் இயங்கும் வாட்டர் மெட்ரோ படகுகள் வந்தன. 2025-இல் மட்டாஞ்சேரியிலும் அதற்குத் துறை திறக்கப்பட்டது. நெரிசலில் புகையை விழுங்குவதற்குப் பதிலாகக் காயலின் காற்றை வாங்கிக்கொண்டு எறணாகுளத்தை அடையலாம். நன்று! ஆனால் படகிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து பஸ்ஸுக்கும் மாறுமிடத்தில் காத்திருப்பு நீண்டால் விரைந்து வந்த பயன் யாது? இரவு வேலை முடிந்து வரும் பெண்ணுக்குக் கடைசிப் படகு எப்பொழுது என்பதே கேள்வி. இவற்றைக் கேட்பதற்குப் பிரயாணிகள் ஒன்றுகூடுதல் வேண்டும். ஒருவர் கேட்டால் முறையீடு. நூற்றுவர் கேட்டால் உரிமை.

இனி, நாளையே நாம் செய்யத் தகுவன சில உள. வழியில் சிறிது நேரம் மூச்சைக் கவனித்து மனத்தை அடக்கலாம், படிக்க இயன்றவர் படிக்கலாம், இயலாதவர் உறங்கலாம். உறங்குவதற்கு நாண வேண்டுவதில்லை. களைத்த உடல் கேட்கும் கூலி அது. கைக்குழந்தையுடையவர்க்கும் முதியவர்க்கும் இடம் தருவோம். வீட்டை அடைந்ததும் கால் கழுவி, ஒரு குவளை நீர் அருந்தி, கால் நாழிகை வாளா இருந்து, அதன் பின்னரே பேசுவோம். வீட்டிலிருப்போரும் வந்தவரிடம் வாயிலிலேயே குறை கூறாதிருப்பராக. ஆடவர்க்கு ஒரு சொல்: அதே பஸ்ஸில் வந்த பெண் வீட்டை அடைந்ததும் அடுப்பங்கரையில் நுழைகின்றாள். அவளுக்கும் அந்தக் கால் நாழிகை உரியது. பிறரை வேலைக்கு அமர்த்தியிருப்போர், வருபவர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகின்றார் என்பதை ஒருமுறையேனும் கேட்பாராக.

வழிப்பொழுது யாருடையது என்று கேட்டோம். அது நம்முடையதே. நம்முடையதாகலின் அதனைச் சினத்தில் எரித்துவிடலாகாது. நம்முடையதாகலின் அதனைக் கேளாமல் எடுத்துக்கொள்வோரைக் கணக்குக் கேட்கவும் வேண்டும். வினவிய அன்பர்க்கு நாம் கூறும் விடை இதுவே: பஸ்ஸில் பொறுமையாயிரும், பஸ் குறைவு என்பதை மட்டும் பொறுக்காதிரும்.