வீணை நரம்பும் ஆலை நூலும்

வைகாசிப் பௌர்ணமி அணுகும்போதெல்லாம் நம் சங்கங்களில் ஒரு வழக்கு எழுகின்றது. இளைஞர்கள் தமட்டை கொண்டுவர விரும்புகின்றனர். பாட்டும் நாடகமும் வேண்டுமென்கின்றனர். முதியோர் மறுக்கின்றனர். “தம்மம் துக்கத்தை உணர்த்த வந்தது, கூத்தடிக்க வந்ததன்று” என்பது ஒரு சாரார் கூற்று. “நம் பாட்டனார் சுமந்த பறையைக் கீழே வைத்ததே நாம் பௌத்தரானதற்கு அடையாளம், அதனை மீண்டும் தோளில் மாட்டுவதா?” என்பது மற்றொரு சாரார் கூற்று. இளைஞரோ, “வாரத்தில் ஆறு நாள் எந்திரத்தோடு எந்திரமாய் நிற்கின்றோம், ஏழாம் நாள் விகாரையிலும் மரம்போல் அமர்ந்திருக்க வேண்டுமோ?” என வினவுகின்றனர்.

இவ்வழக்கைத் தலைவரின் ஒரு சொல்லால் அடக்கிவிடலாம். ஆனால் அடக்கப்பட்ட வினா அடுத்த ஆண்டும் வந்து நிற்கும். ஆதலின், உழைத்து உண்ணும் பௌத்தனுக்கு மகிழ்ச்சியும் விளையாட்டும் தகுமா, தகுமெனின் எவ்வளவு, எவ்விடத்து என்பதை ஆராய்வோம்.

முதலில் சோணர் வரலாறு. சம்பா நகரத்துச் செல்வக் குடியிற் பிறந்த சோணகோளிவிசர் துறவு பூண்டு, இராசகிருகத்துச் சீதவனத்தில் ஓய்வின்றி நடைதியானம் பயின்றார். பாதம் வெடித்துக் குருதி கசிந்தது. பயன் காணாமையால் இல்லறத்துக்கே மீண்டுவிடலாமென எண்ணினார். பகவன் அவரிடஞ் சென்று தவத்தின் பெருமையைப் பேசவில்லை. அவர் இல்லறத்தில் வாசித்த வீணையைப் பற்றி வினவினார். நரம்பு மிக இறுகியிருந்தால் இசை எழுமோ? மிகத் தளர்ந்திருந்தால் எழுமோ? இரண்டுக்கும் இல்லையென்றார் சோணர். ஊக்கமும் அத்தகையதே என உணர்த்தினார் பகவன்.

மைசூரில் வாழும் நமக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. வீணை சேஷண்ணா (1852–1926) அரசவை வித்துவானாய் விளங்கிய ஊர் இது. வீணையில் இசைக்கும் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று. ஏழும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் சுருதி உண்டு. சோணருக்குப் பகவன் பணித்ததும் தமக்குரிய அளவைத் தாமே கண்டுகொள்ளுமாறுதான். நடுவழி என்பதைச் சிலர் எல்லாவற்றிலும் பாதி என்று கணக்கிடுகின்றனர். அது மளிகைக் கடைக் கணக்கு.

வீணையைத் தொட்டறியாதவர் நம்முட் பலர். ஆனால் நூற்பாலையில் நின்றவருக்கு இதே தம்மம் வேறு வடிவில் தெரியும். பஞ்சிழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாவது முறுக்கினால். முறுக்குக் குறைந்தால் இழைகள் வழுக்கிப் பிரிந்து நூல் அறும். முறுக்கு ஏற ஏற வலிமையும் ஏறும். ஆயினும் ஓர் எல்லை வரையில்தான். அவ்வெல்லையைத் தாண்டினால் நூல் விறைத்து வலிமை குன்றும். மேலும் நாற்பதாம் நம்பர் நூலுக்கு வேண்டிய முறுக்கு இருபதாம் நம்பருக்கு வேண்டா. தறியின் இழுப்பைத் தாங்கும் பாவு நூலுக்கு முறுக்கு மிகுதி. குறுக்கே ஓடும் ஊடைக்கு அது குறைவு. பாவின் முறுக்கை ஊடைக்கும் ஏற்றினால் துணி முரடாகும். பிக்குவின் ஒழுக்கத்தை இல்லறத்தானுக்கு ஏற்றிவிட்டு அவன் முகம் ஏன் கடுத்திருக்கிறது எனக் கேட்பதும் இதனைப் போன்றதே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மிகை முறுக்கு ஏறிய நூல் இழுத்துப் பிடித்திருக்கும் வரையில் நேராகவே தோன்றும். கையைத் தளர்த்தியவுடன் தன்மேல் தானே சுருண்டு சிக்காகும். பன்னிரண்டு மணி நேரம் மேற்பார்வையாளன் முன் நேராய் நின்றவன் வீட்டு வாயிலில் கால் வைத்ததும் மனைவி மக்கள்மீது சீறுவதை நாம் கண்டுள்ளோம். அவனைக் கோபக்காரனென்று ஊர் சொல்லும். முறுக்கை ஏற்றியவர் யாரென்று ஊர் கேட்பதில்லை.

ஆதலின் சமநிலை என்பது தனி மனிதன் மூச்சைக் கவனித்து அடைவது மட்டுமன்று. சிகாலோவாத சுத்தத்தில் வேலை கொள்வோன் செய்யவேண்டியவையாக ஐந்தைப் பகவன் விதித்தார்: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், அருஞ்சுவைப் பண்டத்தைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு விடுதல். நான்காவதை நாம் பன்முறை எண்ணி வியந்ததுண்டு. கூலியும் சோறும் கொடுத்த பின்னரும் ஒரு கடன் எஞ்சுகிறது, அது சுவை! உழைப்பவனும் சுவைக்கும் நாவுடையவன் என்பதை இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் விதியாகவே வைத்த பெருமான் அவர்.

அவ்வைந்தாம் கடனுக்காக நம் மக்கள் பட்ட பாடு பெரிது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் முறையீடுகளுள் முதன்மையானது நண்பகல் உணவுக்கு அரைமணி போதாதென்பதே. 1946-இல் வைசிராய் நிருவாக சபையில் தொழில் உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கர் கொணர்ந்த சட்டத் திருத்தம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலையை 54 மணியிலிருந்து 48 மணியாக்கியது. 2023-இல் நமது கர்நாடகச் சட்டமன்றம், வாரத்துக்கு 48 மணியென்பதைக் காத்துக்கொண்டே, தொழிலாளி இசைந்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்கலாமெனத் திருத்தியது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நிறைவேறிய அத்தகைய மசோதா, எதிர்ப்பு வலுத்தமையால் திரும்பப் பெறப்பட்டது. வாரக் கணக்கு மாறவில்லையே என்பர் சிலர். வீணையை நான்கு நாள் இறுக முறுக்கி மூன்று நாள் கழற்றி வைத்தால் சராசரி சரியாகத்தான் இருக்கும். இசை எழுமா என்பதே கேள்வி.

இனி, “வேலையிலேயே இன்பம் காண்” என்னும் உபதேசம். இதனைச் சொல்பவர் யாரென்று பார்த்தே நாம் செவி கொடுக்கவேண்டும். கூலியைக் குறைத்தவன் சொன்னால் அது வஞ்சகம். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவெனக் கூலி பேசி வீட்டுத் திண்ணையில் ஊதுவத்தி உருட்டும் நம் சகோதரியரிடம், நறுமணத்தில் இன்பம் காணுங்களென்று சொல்லுதல் தகாது. அவர்கள் சேர்ந்து அமர்ந்து பாடுகின்றனர், கதை பேசுகின்றனர், எவள் முந்துவதெனப் பந்தயம் வைக்கின்றனர். அது அவர்களே படைத்துக்கொண்ட இன்பம். கூலிக்கு ஈடாகக் காட்டத்தக்கதன்று.

வேலையினுள்ளே இன்பம் பிறக்கவேண்டுமாயின், செய்பவன் கைக்குச் சிறிதேனும் இடம் இருத்தல் வேண்டும். இவ்வூரில் கருங்காலியிலும் ஈட்டியிலும் சித்திரம் இழைக்கும் தச்சர், வானத்துக்கு ஒரு மரம், யானைக்கு ஒரு மரம், பெண்ணின் முகத்துக்கு ஒரு மரமென்று மரங்களின் இயற்கை நிறத்தைக் கொண்டே படம் அமைப்பர். எத்துண்டு எங்கே பொருந்துமென்று முடிவு செய்வது அவர் கண்தான். அம்முடிவில் ஓர் உவகை உண்டு. ஞான உறுப்புகள் ஏழனுள் பிரீதியென்னும் உவகையைப் பகவன் வைத்திருக்க, அதனைப் பாவமென்று ஒதுக்க நாம் யார்?

ஆலையில் அவ்விடம் இல்லாதவர் என் செய்வது? இதற்கு நம் முன்னோரே விடையாவர். கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாய் இறங்கிய சுரங்கங்களில் பாறை உடைத்தவர்கள் மேலே ஏறி வந்து கள்ளுக்கடைக்குச் சென்றிருக்கலாம். சென்றவரும் உளர். ஆனால் மாரிகுப்பத்துப் பௌத்தர்கள் சங்கம் அமைத்தனர், சொற்பொழிவு நிகழ்த்தினர், சித்தார்த்தா புத்தகசாலை வழியே நூல்கள் பரப்பினர். அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய “தமிழன்”, அவர் 1914-இல் மறைந்து சில ஆண்டுகள் சென்றபின், அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அத்தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அந்நூல்கள் இன்றும் நம் கையில் உள. ஓய்வென்பது கிடப்பதற்கு மட்டுமன்றென அவர்கள் அறிந்திருந்தனர். இரவு பகலாய் உழைத்த அண்ணலும் பிற்காலத்தில் பிடில் பயின்றார், தேர்ந்த வித்துவானாவதற்கன்று.

மறுப்புரைப்போர் சான்றுகளையும் நாம் மறைக்கலாகாது. அதே சிகாலோவாதம் ஆடல் எங்கே, பாடல் எங்கே, கொட்டு எங்கே என்று அலைவதைப் பொருளழிவின் வாயில்களுள் ஒன்றாக வைக்கிறது. கூத்தர் தலைவனான தாலபுடன், மக்களைச் சிரிக்க வைப்பவன் தேவலோகம் அடைவானா என வினவியபோது, இருமுறை தடுத்துப் பார்த்தபின் பகவன் அளித்த விடை கடுமையானது. மணிமேகலையும் கூத்தைத் துறந்தே அறம் புகுந்தாள்.

இவை மெய்யே. எனினும் இல்லறத்தாரின் பஞ்சசீலத்தில் ஆடல் பாடல் விலக்கு இல்லை. அவ்விலக்கு வருவது, உபோசத நாளில் விரும்பி ஏற்கும் எட்டுச் சீலத்தில். அதாவது நாட்களுக்குள் ஒரு சுருதி வகுக்கப்பட்டுளது. சிகாலனுக்குக் கூறியது, கொட்டோசை கேட்ட திசையெல்லாம் ஓடி வீட்டை மறப்பவனைக் குறித்தது. தாலபுடனுக்குக் கூறியது, காண்போரின் காமத்தையும் வெகுளியையும் மயக்கத்தையும் கிளறிப் பிழைக்கும் கூத்தைக் குறித்தது; இன்றைய திரைப்படம் சிலவற்றை எண்ணின் அக்கடுமை மிகையன்று. மணிமேகலை துறந்தது குலத்தொழிலென்று அவள் பிறப்பின்மேல் சுமத்தப்பட்ட கூத்தை. மறுபுறம், கந்தர்வனாகிய பஞ்சசிகன் வில்வமர வீணையை மீட்டிப் பாடியபோது, நரம்பொலியும் குரலும் ஒன்றோடொன்று இயைந்தனவென்று பகவனே பாராட்டினார். அப்பாட்டில் காதலும் கலந்திருந்தது என்பதைக் கண்டிப்பான அன்பர்கள் கவனிப்பாராக. நமக்கு அண்மையிலுள்ள பைலகுப்பையிலும் திபெத்தியப் பிக்குகள் கைதட்டிக் குதித்துத் தர்க்கம் பயில்கின்றனர். அவர்தம் கல்வி அதனால் குறைந்ததாகக் காணோம்.

எஞ்சியது பறை. இதில் முதியோரின் நெஞ்சில் உள்ள புண்ணை இளைஞர் எளிதாய் எண்ணவேண்டா. மேற்சாதியார் வீட்டுப் பிணத்தின்முன் அடித்தே தீரவேண்டுமென்ற கட்டளை, மறுத்தால் உதை, அடித்தால் எச்சில் சோறு என்றிருந்த காலத்தில் அவ்வொலி கலையாக இருக்கவில்லை. அதனைக் கீழே வைத்தது வீரம். இன்றோ தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பா 2023-இலும், பறையிசை ஆசான் வேலு 2025-இலும் பத்மஸ்ரீ பெற்றுள்ளனர். விருதைக் காட்டி நாம் வாதிடவில்லை. அரசின் பதக்கம் அறத்துக்கு அளவுகோலாகாது. நாம் கேட்பது ஒன்றே: அடிப்பவன் “இன்று இயலாது” என்று சொல்லி அச்சமின்றி வீடு திரும்ப முடியுமா? முடியாதெனில் பொன்னால் செய்த பறையும் அடிமைச் சங்கிலி. முடியுமெனில் அது தோலும் சட்டமும் தாளமும்தான். கூலி பேசிச் சாதி வீட்டுச் சாவுக்கு அழைப்போர் இன்றும் உளர். அங்கே நம் பிள்ளைகள் செல்லலாகாது. தங்கள் திருநாளில் தங்கள் களிப்புக்காக, பெண்பிள்ளைகளும் சேர்ந்து அடிப்பதை நாம் தடுக்கோம்.

ஆயினும் வைகாசிப் பௌர்ணமி உபோசத நாள். எட்டுச் சீலம் ஏற்று வெண்ணிற ஆடையுடன் அமர்ந்திருக்கும் தாய்மாரின் காதருகே தமட்டை முழங்குதல் முறையன்று. ஆகவே பௌர்ணமியன்று போதனையும் தியானமும் அன்னதானமும் நடைபெறட்டும். மறுநாள் மாலை, விகாரைக்கு வெளியே உள்ள திடலில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு இளைஞர் அடிக்கட்டும்; நாடகம் போடட்டும்; சிறுவர்க்குப் பந்தயமும் வைக்கட்டும். அவ்வொலியைத் தாங்கவியலாத முதியவர் அன்று வீட்டிலிருக்கலாம். வரும்படி எவரும் அவரை வற்புறுத்த வேண்டா. வராதது பற்றிப் பின்னர் ஏசவும் வேண்டா.