தர்ராவும் அணுவும்

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ பயானில் ஸில்ஸால் அத்தியாயத்திற்கு விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தோம். தர்ரா அளவு நன்மையும் தீமையும் மறுமையில் கணக்கிலிருந்து தப்பாது என்று அறிவிக்கும் அத்தியாயம் அது. "தர்ரா என்றால் அணு! விஞ்ஞானிகள் நேற்றுக் கண்டதைத் திருமறை 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது" என்று உற்சாகத்தோடு முழங்கினோம்.

தொழுகை முடிந்ததும் கல்லூரி மாணவர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். "ஹஜ்ரத், அணுவையும் பிளந்துவிட்டார்களே! அதைவிடச் சிறியவற்றைத்தான் இப்போது எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். இனி ஆயத்தின் பொருளையும் மாற்றிக் கொள்வோமா?" என்று பணிவாகக் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

வீடு வந்து கிதாபுகளைப் புரட்டினோம். தர்ரா என்பதற்கு மிகச் சிறிய எறும்பு என்றும், ஜன்னல் வழியே விழும் வெயிலில் மிதக்கும் தூசி என்றும் முஃபஸ்ஸிரீன்கள் பொருள் தந்துள்ளனர். அச்சொல்லை அணுவுக்கு வழங்குவது பிற்கால வழக்கம். முதன்முதலில் அந்த ஆயத்தைக் கேட்ட ஸஹாபாக்களுக்கு அதன் பொருள் குறைவின்றி விளங்கியது. ஆய்வுக்கூடம் திறக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை!

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஷரஹுல் அகாயிதை எடுத்துக் கொள்வோம். பொருள்கள் யாவும் பிரிக்கவே முடியாத நுண்கூறுகளால் ஆனவை என்பது முதகல்லிமீன்களில் பெரும்பாலோர் கொள்கை. அதற்கு 'ஜவ்ஹர் ஃபர்து' என்று பெயர். உலகம் புதிதாகப் படைக்கப்பட்டதே என்று நிறுவ அது அவர்களுக்குத் துணை நின்றது. ஆயினும் அதற்குக் காட்டப்படும் ஆதாரங்கள் வலுவற்றவை என்று அல்லாமா தஃப்தாஸானி (ரஹ்) மறைக்காமல் எழுதுகிறார். இமாம் ராஸி (ரஹ்) இதில் முடிவு கூறாமல் நிறுத்திக் கொண்டதையும் குறிப்பிடுகிறார். தம் தரப்புக்குச் சாதகமான வாதமாயினும் பலவீனத்தைப் பலவீனம் என்றே சொன்னார்கள். அதனால் அவர்களுடைய ஈமான் தளர்ந்ததா? இல்லையே!

ஒரு செண்டிமீட்டர் நீளத்தில் சுமார் 10 கோடி ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக வைக்கலாம். 1911-ல் ரூதர்ஃபோர்டு அந்த அணுவுக்குள்ளும் ஒரு கரு உண்டு என்று காட்டினார். அது அணுவின் அகலத்தில் சுமார் லட்சத்தில் ஒரு பங்குதான். பொருளின் தோற்றத்தைப் பற்றியும் விஞ்ஞானிகள் கணக்குச் சொல்கிறார்கள். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் கருக்கள் உருவாயின. அவை முழு அணுக்களாக ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆயின. நம் இரத்தத்தில் ஓடும் இரும்பு அதற்கும் வெகுகாலம் பின்னர் நட்சத்திரங்களில் விளைந்தது.

இதையெல்லாம் கேட்கும்போது 'ஸுப்ஹானல்லாஹ்' என்று நாவு தானே சொல்லும். சொல்ல வேண்டியதுதான். ஆனால் இந்தக் கணக்கையே 'குன்' என்னும் கட்டளைக்குச் சாட்சியாக நிறுத்துவது வேறு விஷயம். விஞ்ஞானம் தன் முடிவுகளைத் திருத்திக் கொண்டே முன்னேறுவது. அது அதன் குறையல்ல, அதன் ஒழுங்கு. திருத்தப்படக் கூடியதன் மீது ஈமானைக் கட்டினால், அது திருத்தப்படும் நாளில் நம் பிள்ளைகள் எதைச் சந்தேகிப்பார்கள்? நம் பயானை மட்டுமா?

அந்த ஆயத் பொருள்களின் அளவைக் கற்றுத்தர வந்ததன்று. நம் செயல்களின் கணக்கை நினைவூட்ட வந்தது. தராசுத் தட்டில் விரல் லேசாகப் படுகிறது. கடன் கொடுத்தவரைக் கண்டதும் கால் வேறு தெருவுக்குத் திரும்புகிறது. உறுதியாகத் தெரியாததை மிம்பரில் உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். 'இது என்ன பெரிய காரியம்?' என்று நாம் தள்ளிவிடும் இவைதாம் தர்ராக்கள்!

அடுத்த ஜும்ஆவில், முன்பு சொன்னது தவறு என்று மக்கள் முன்னிலையில் சொன்னோம். சொல்லும்போது நாவு கூசத்தான் செய்தது. அந்த மாணவர் முதல் ஸஃப்பில் அமர்ந்திருந்தார்.

அறியாததை அறியாதது என்று சொல்லும் துணிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.