இப்போதைக்கு வேண்டாம்

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில் என்னென்ன கிடைக்கும் என்பதை விட, என்னென்ன கிடைக்காது என்ற பகுதிதான் படிக்கத் தகுந்தது. நிரல் எழுதிப் பிழைப்பவளுக்கு வந்த பழக்கம் இது. விதியை விட விலக்குதான் எழுதியவரின் மனதைக் காட்டிக்கொடுக்கும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் இந்த விலக்குகளுக்கெல்லாம் பொதுவான வாசகம் வகுத்து எண் கொடுத்தது. அதில் 17-ஆம் எண், மலட்டுத்தன்மை. அந்தத் தலைப்பின் கீழ் முதல் வரியாக நிற்பது கருத்தடை. பிள்ளை இல்லையே என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குபவளும், இப்போதைக்கு வேண்டாம் என்று மாத்திரை போடுபவளும் ஒரே பெட்டியில். 18-ஆம் எண் மகப்பேறு. என் கம்பெனி கூடுதல் பிரீமியம் கட்டி 18-ஐ உள்ளே கொண்டுவந்திருக்கிறது. 17 அப்படியே கிடக்கிறது. ஆக என் கார்டில் பிரசவம் உண்டு, பிரசவத்தைத் தள்ளிப்போடுவது கிடையாது.

காப்பீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காப்பீடு என்பது எதிர்பாராமல் வருவதற்கு. கருத்தடை ஒருவர் எடுக்கும் முடிவு, நோயோ விபத்தோ அல்ல. சரி. ஆனால் அதே பாலிசி வருஷத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனைக்குக் காசு தருகிறது. செக்கப் யாருக்குத் திடீரென்று வந்தது? முன்கூட்டியே தடுத்தால் பின்னால் செலவு மிச்சம் என்கிற கணக்கு சர்க்கரைக்குப் பொருந்தும், கருப்பைக்குப் பொருந்தாது என்றால் அது கணக்கே இல்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை சட்டமாகவே ஆனது. 1998-இல் வயாகரா சந்தைக்கு வந்தபோது பல காப்பீட்டு நிறுவனங்கள் அதற்குப் பணம் தரத் தொடங்கின. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த கருத்தடை மாத்திரைக்குத் தராதவர்கள் அவர்கள். பெண்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. அதே ஆண்டு மேரிலாந்து மாநிலம், மருந்துக்குப் பணம் தரும் காப்பீடு கருத்தடைக்கும் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. பிறகு வேறொரு கேள்வி வந்தது. முதலாளியின் மனசாட்சி ஒப்பாவிட்டால்? 2014-இல் ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடைத் தொடரின் உரிமையாளர்கள், சில கருத்தடை முறைகளுக்குத் தங்கள் காசு போவது மதத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, 5-க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பு இடறுவது 'தங்கள் காசு' என்ற இடத்தில். பிரீமியம் யாருடைய காசு? வேலை செய்தவருக்குச் சம்பளமாக வராமல் வேறு வழியில் வரும் கூலி அது. சனிக்கிழமை பட்டுவாடா ஆன பணத்தில் டெய்லர் கோழி வாங்குகிறாரா, சீட்டு கட்டுகிறாரா என்று சைவ முதலாளி கேட்பதில்லை. காப்பீட்டில் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

நம் ஊரில் இதை யாரும் கேட்டதே இல்லை. சாமளாபுரத்திலிருந்து காலையில் கம்பெனி வேன் ஏறும் பெண்களின் ஈ.எஸ்.ஐ. கார்டைப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த திட்டம். இப்போது சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும், முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் முழுச் சம்பளம். ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள். என் கார்டு ஒதுக்கியதை அவர்கள் கார்டு தாராளமாகவே தருகிறது.

தாராளம் ஏன் என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு இலக்கு வைத்து ஆள் பிடித்த நாடு இது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் நடந்தது. அந்த மனநிலைக்கு வேண்டியது பிறப்பு எண்ணிக்கை குறைவது. ஒரு பெண் எப்போது பெறுகிறாள், எத்தனை வருஷம் இடைவெளி விடுகிறாள் என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. அதனால்தான் முழுச் சம்பளம் முற்றுப்புள்ளிக்கு மட்டும். காப்பர்-டிக்கோ ஊசிக்கோ அந்தச் சலுகை இல்லை. மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்குக் காப்பர்-டி வைக்க ஒரு நாள் சிறப்பு விடுப்பு தருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் பதினாலு நாளை நான் குறை சொல்லவில்லை. அது வேண்டும். ஆனால் சலுகை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உடம்பும் போய் நிற்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கணவனோடு வாழும் பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள். ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்குச் செய்வதுதான் சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆண்மை போய்விடும் என்ற பயம் ஒரு காரணம், தெரிந்ததுதான். எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது.

மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங், கணவர் விசைத்தறி. இங்கே சகஜமான ஜோடி. தறிக்குடோனில் பெரும்பாலும் பத்துப் பேருக்குக் குறைவு, அதனால் ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. மனைவியின் கார்டில் கணவருக்கு வைத்தியம் பார்க்கலாம், ஆனால் விடுப்புச் சம்பளம் கார்டுக்குச் சொந்தக்காரருக்கு மட்டுமே. எங்கள் வீதி அக்கா ஒருத்தர் சொன்னார்: "அவரு ஒரு வாரம் தறி ஓட்டலீன்னா வட்டிக்காரன் வாசல்ல வந்து நிப்பான் கண்ணு. எனக்குன்னா சம்பளம் வந்துரும். அப்பறம் யாரு பண்ணிக்கோணும்னு ஒரு பேச்சா?"

யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். அதைச் சம்மதம் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கணக்கின் ஒரு பக்கம் ஏற்கனவே நிரப்பப்பட்ட தாளில் மீதியை நிரப்புவதை முழுச் சுதந்திரம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசமாச்சே என்பார்கள். உண்மை. நிரோத், மாலா-என், காப்பர்-டி எல்லாம் அங்கே காசில்லாமல் கிடைக்கும். அந்தரா ஊசியும் இருக்கிறது. நான் காப்பர்-டி வைத்தபோது தனியாரிடம் போய்க் கைக்காசைக் கொடுத்துவிட்டு, அன்று மதியமே வீட்டிலிருந்து லாகின் செய்துவிட்டேன். செக்கிங் மேஜைக்கு லாகின் கிடையாது. ஆர்டர் அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் காலை நேரம் சுகாதார நிலைய வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. மருந்து இலவசம்தான், நாள் இலவசமில்லை. இதைப் புரிந்துகொண்டுதான் ஆபரேஷனுக்குச் சம்பளம் வைத்தார்கள்; புரியாமல் இல்லை.

அந்தரா மூன்று மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு நாலு ஊசி. நாலு நாள் சம்பளம். அக்காவின் மகளும் இப்போது செக்கிங்தான் போகிறாள், தை மாதம் கல்யாணம். கல்யாணம் ஆனதும் ரெண்டு வருஷம் பொறுத்துத்தான் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.