உபதேசியாரின் பிள்ளை

ஜங்லிகாட் மீன்பிடித் துறைக்கு மேலே, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடு ஒன்றின் திண்ணை. ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தகப்பன் மகனிடம் மனப்பாட வசனம் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். அவன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ் வசனம், இந்தி எழுத்தில். என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, "அது சர்ச்ல சொல்றதுக்கு அங்கிள்" என்றான். தகப்பன் முகத்தில் நிறைவு குறையவில்லை.

ஜங்லி என்றால் காட்டான். பிள்ளைகளைப் பண்போடு வளர்ப்பதைப் பற்றி யோசிக்க, காட்டான் துறை என்று பெயர் கொண்ட இடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. இந்தத் துறையை இன்னும் பழைய பெயரிலேயே கூப்பிடுகிறோம்.

துறைமுகத்தின் வாயிலில் இருக்கும், அன்று ராஸ் எனப்பட்ட தீவில் 1863இல் ஒரு வளர்ப்பு முயற்சி நடந்தது. ஹென்றி கார்பின் என்ற ஆங்கிலேயச் சபைக் குரு, அந்தமானின் ஆதிகுடிகளுக்கு அங்கே ஓர் இல்லம் அமைத்தார். வளர்ந்த மனிதர்களையே குழந்தைகளாகப் பாவித்து உடுத்தவும் ஆங்கிலம் பேசவும் பழக்கினார்கள். மாலுமிகள் அவர்களுக்கு ஜம்போ, டாப்ஸி என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் ஏற்கெனவே இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். சோறு போட்டார்கள், காவலும் போட்டார்கள். பின்னால் 1877இல் தட்டம்மை வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த பெரும் அந்தமானியர் இனத்தில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேர். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. நல்ல எண்ணம் அங்கே தாராளமாகவே இருந்தது. அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

இன்னொரு வளர்ப்பும் இதே கடலில் நடந்தது. அதைச் செய்தவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார் 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறினார். வாத்தியார் அவரே, அரசாங்கத்தின் ஏஜெண்டும் அவரே. வேதமும் சர்க்காரும் ஒரே சட்டைக்குள் இருந்தால் சந்தேகப்படுவது என் வழக்கம். ஆனாலும் அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவன்தான் ஹா சேவ் கா. ஞானஸ்நானத்தில் ஜான் ரிச்சர்ட்சன் ஆனான். இவனுக்கும் பெயர் மாற்றம் தப்பவில்லை. மேற்படிப்புக்கு அவனைப் பர்மாவின் மாண்டலேக்கு அனுப்பினார்கள். கப்பலேறிப் போன பிள்ளை அப்படியே போய்விடுவது வழக்கம். இவன் திரும்பி வந்தான்.

வந்தவர் தம் குருவின் மொழியைத் தம் ஜனங்கள் மீது ஏற்றவில்லை. புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுபோனார். பிறகு ஜப்பானியர் ஆக்கிரமிப்பு, சிறை. 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். 1966இல் அந்தமான் நிக்கோபார் திருமண்டலம் உருவானபோது அதன் முதல் பேராயர். 1978இல் மறைந்தார். சாலமோனிடம் தமிழ் வசனம் கற்றாரா, தெரியாது. கற்றிருந்தாலும் அதை மட்டும் ஒப்பித்துக்கொண்டு அவர் காலம் கழிக்கவில்லை.

அவரை வளர்த்தது உபதேசியார் மட்டுமல்ல. நிக்கோபாரில் துஹெத் என்றொரு கூட்டுக்குடும்பம் உண்டு. தோப்பும் பன்றியும் பொது. பிள்ளைகளும் ஏறத்தாழ அப்படித்தான். 2004இல் கிறிஸ்துமசுக்கு மறுநாள் கடல் ஏறியபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளை அந்தக் குடும்பங்களே ஏந்திக்கொண்டன. நம் சபைகளில் ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று நிற்கிறவர்கள் உறுதிமொழி கொடுத்து, போட்டோ எடுத்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். ஒருத்தியின் பிறந்தநாள் எனக்கு நினைவில்லை.

இந்த ஊர்த் தகப்பன்களின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்குப்படி நூற்றுக்குப் பதினைந்து பேர். தெருவில் இந்தி, பள்ளியில் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும். தமிழுக்கு வீட்டுக்குள் மிஞ்சிய இடம் குடும்ப ஜெபம். ஆகவே விசுவாசத்தையும் தமிழையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பிள்ளையின் தலையில் வைக்கிறோம். எதை இறக்கி வைத்தாலும் இரண்டும் விழும். அவன் மூட்டையோடு நிற்பதைப் பார்த்து, பிள்ளை நேராக நிற்கிறான் என்று சந்தோஷப்படுகிறோம்.

ஆராதனை முடிந்து மறுபடி அந்த வீட்டுப் பக்கம் போனேன். பையன் திண்ணையில் தங்கச்சிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான், இந்தியில். தாவீது, கோலியாத். கோலியாத் ஐஸ் லாரியைவிட உயரமாம். தாவீது ஜெட்டிக் கல்லைப் பொறுக்கிக் கவணில் வைத்துவிட்டானாம். தங்கச்சி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தகப்பன் அதட்டினார்: "டேய், வேதக் கதைய தமிழ்ல சொல்லு!"

பையன் யோசித்தான். கதை அங்கேயே நின்றுவிட்டது.