மலையும் உடைமையும்

உடைமை யென்பது யாது? ஒரு பொருளைத் தன் விருப்பின்படி துய்க்கவும், விற்கவும், அழிக்கவும் உரிமை பெற்றிருத்தலே உடைமை யென்ப. இவ்விலக்கணம் ஆடை, அணிகலன், ஆனிரை முதலியவற்றிற்கு இனிது பொருந்தும். ஒரு குலத்தார் வழிவழியாகத் தம் முன்னோரெனப் போற்றிவரும் மலைக்கும் அது பொருந்துமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நியூசீலாந்து நாட்டின் வடதீவிலே டோங்காரிரோ, நௌருஹோயே, ருவாபெஹு என மூன்று எரிமலைகள் உள. அவற்றுள் ருவாபெஹு 2,797 மீட்டர் உயர்ந்து அத்தீவிற்கே முடியாய் நிற்பது. அதன் உச்சியிற் பனியும், பனியின் நடுவே எரிவாயின்மேல் ஓர் ஏரியும் காணப்படும். மவோரி மக்களுள் நாட்டி தூவாரெடோவா குலத்தார்க்கு இம்மலைகள் வெறுங் கற்குவியல்கள் அல்ல. தீண்டற்கரிய தூய்மையுடைய முன்னோராவர். 1839-ஆம் ஆண்டில் பிட்வில் என்னும் ஆங்கிலேயர் நௌருஹோயே முடிமீது ஏறினாராக, அஃதறிந்த குலத்தலைவர் பெரிதுஞ் சினந்தனர்.

பின்னர் அந்நாட்டு நிலமன்றம் குலத்தார்க்குப் பொதுவாயிருந்த நிலங்களைத் தனித்தனி உரிமைகளாகப் பகுக்கத் தொடங்கிற்று. பகுத்தது விற்கப்படும், விற்றது மீளாது. இதனை யுணர்ந்த தலைவர் நான்காம் தெ ஹெயுஹெயு தூக்கினோ, 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் அம்முடிகளை அரசினிடம் ஒப்புவித்தார். அடுத்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். 1894-ல் இயற்றப்பட்ட சட்டத்தால் அவ்விடம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று.

கொடுத்தபின் கொடுத்தார்க்கு அதன்கண் உரிமை யாதுளது எனின், அவ்வினா 'கொடை' யென்னும் சொல்லை ஒருபாற் பொருளே கொண்டு எழுந்ததாகும். மவோரி மொழியில் 'துக்கு' எனப்படும் ஈகை, கைவிடுதலன்று. பெறுவாரையும் தம்மோடு பிணித்துக் கடமையிற் பங்காளராக்குதலாம். 2013-ல் வெளிவந்த வைத்தாங்கி நடுவர்மன்றத்தின் அறிக்கையும், தலைவர் கருதியது உரிமை துறத்தலன்று, அரசோடு சேர்ந்து காத்தலே யென்று முடிவு கூறிற்று. ஒருவர் தம் தாயைக் காக்குமாறு பிறரையுந் துணையழைத்தால், அழைக்கப்பட்டவர் அத்தாயைத் தம் உடைமையென்பரோ? தாய் இருவர்க்கும் உடைமையல்லள். காவலே இருவர்க்கும் உரியது.

அற்றேல், மலையைத் தீண்டலாகாதெனக் கூறி மக்கள் உயிரை இழக்கவிடுதல் அறமாமோ வென்பது அடுத்த தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. 1953-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இரவில், ருவாபெஹு ஏரியின் அணை உடைந்து, சேறும் பாறையுங் கலந்த வெள்ளம் ஆற்றுவழியே பாய்ந்து, டாங்கிவாய் என்னுமிடத்துப் புகைவண்டிப் பாலத்தைச் சிதைத்தது. அதில் விழுந்த வண்டியிற் சென்றோருள் 151 பேர் மாண்டனர்.

1995, 1996-ஆம் ஆண்டுகளின் சீற்றத்திற்குப்பின் ஏரிவாயிற் சாம்பலணை மீண்டும் உண்டாயிற்று. அதனை இயந்திரத்தால் வெட்டிவிடல் வேண்டும் என்றார் ஒருசாரார். மலையின் தலையை வெட்டலாகாதென்றனர் மவோரி மக்கள். ஆய்ந்த அரசினர் மலையைத் தொடாது, வெள்ளத்தை முன்னறிவிக்குங் கருவிகளை அமைத்துக் கீழ்நிலத்தே கரையும் எழுப்பினர். 2007-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் அணை தானே உடைந்தது. பாதைகள் முன்னரே அடைக்கப்பட்டன, ஓருயிரும் மாளவில்லை.

இதனாற் பெறப்படுவது யாதெனின், போற்றுதலும் உயிர்காத்தலும் தம்முள் மாறுகொள்வன அல்ல என்பதாம். மலையைத் திருத்துதல் எளிதெனத் தோன்றும். மக்கள் தம் விழிப்பைத் திருத்திக்கொள்ளுதலே அரிது. அரியதனைச் செய்தமையால் இரண்டும் காக்கப்பட்டன. ஆயினும் எவ்விடத்தும் இங்ஙனமே முடியுமெனத் துணிதல் கூடாது. வேறு வழியின்றி உயிர்க்கு ஊறு நேருமிடத்து உயிரே முற்பட்டதாகும். வேறு வழியைத் தேடுமுன் வேறு வழியில்லை யென்பதே குற்றம்.

இன்றும் அம்மலைகளைக் காண வருவோரை, முடிமீது ஏறாதிருக்குமாறு குலத்தார் வேண்டுகின்றனர். அது வேண்டுகோளே, தண்டனையில்லை. ஏறத்தக்க வலியிருந்தும், தடுப்பாரின்றியும், பிறர் போற்றுவதன் பொருட்டு அடிவாரத்தே நின்று மீள்பவனே அம்மலையைக் காத்தவனாவன்.