சோர்வும் களிப்பும்: மிகையுணவால் வருந்திய பாகவதர் இருவர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உடையவர் 1017-ஆம் ஆண்டு திருவவதரித்த ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலைக்கு இன்று இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகளுக்கு மூன்று ஷிப்டிலும் பேருந்துகள் ஓடிய வண்ணம் உள்ளன. ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியில் தானுகந்த திருமேனியை ஸேவித்துவிட்டு அப்பேருந்தில் ஏறும் பாகவதர்கள் பலர். அவர்களில் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மைத் தனியே அழைத்து, "இரவு வேலை முடிந்து அறைக்கு வந்தால், பசியே இல்லாதபோதும் கை நிற்பதில்லை ஸ்வாமி. பரோட்டாவோ மிக்சரோ, அகப்பட்டது தீரும்வரை அடியேன் உண்கிறேன். பிறகு திருமண் இட்டுக்கொள்ளவே கூசுகிறது" என்றார்.

நாம் அப்போது செய்தது பிழை. ஏகாதசிதோறும் நீரும் பருகாமல் உபவாஸம் இருக்கும்படி சொன்னோம். அதே குறையோடு வந்த மற்றொருவருக்கும் அதையே சொன்னோம். முதல்வர் விரதம் இருந்தார். துவாதசி பாரணை மாலைவரை ஓயவில்லை. வெட்கத்தால் நான்கு மாதம் கோஷ்டிக்கே வரவில்லை. இரண்டாமவரோ உபவாஸத்தோடு நில்லாமல் ஒரு மண்டலம் இனிப்பையும் விட்டார். கேன்டீனில் அனைவருக்கும் அதை அறிவித்தார். நாற்பத்தொன்பதாம் நாள், இனி நமக்கு பயமில்லை என்று இலையில் அமர்ந்தவர் பழைய நிலைக்கே மீண்டார். மிகையாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்யாயத்தில் கண்ணன் அருளியதைப் பலமுறை உபந்யஸித்த நமக்கு, அந்த இரண்டாம் பாதி அன்று நினைவுக்கு வரவில்லை.

ஸ்ரீபாஷ்யத்தின் லகு ஸித்தாந்தத்தில் எம்பெருமானார், வாக்யகாரர் வழிநின்று ஏழு ஸாதனங்களைக் காட்டியருளுகிறார்: விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம். ப்ரபந்நர்களான நமக்கு இவை உபாயமல்ல. ஆயினும் ஸ்வரூபத்துக்குத் தக்க நடத்தையாகக் கொள்ளத் தடையில்லை. முதலாவதான விவேகம் தூய உணவால் வரும் உடல்தூய்மை. நம்மவர் பெரும்பாலும் அங்கேயே நின்று, வெங்காயம் கூடுமா கூடாதா என்று விசாரித்துக்கொண்டிருப்பர். உணவில் தொடங்கிய ஸ்வாமி மனத்தில் அன்றோ முடிக்கிறார்!

அவஸாதம் என்பது மனத்தின் சோர்வு, ஒளியின்மை. தேசமும் காலமும் ஒவ்வாதிருப்பதாலும் சோகத்துக்குரியவற்றை மீண்டும் மீண்டும் நினைப்பதாலும் அது வருகிறது என்பது ஸ்வாமியின் விவரணம். ஊரை விட்டு வந்து, உறங்க வேண்டிய வேளையில் விழித்து, நேற்றைய வீழ்ச்சியையே நினைந்திருக்கும் அந்த இளைஞரை இதைவிடச் சரியாக யார் சொல்லக்கூடும்? தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் இயல்பினருக்கு நாம் மேலும் ஒரு தண்டனையைக் கொடுத்திருந்தோம். இரண்டாமவரைக் கெடுத்தது அதற்கு நேரெதிரான உத்தர்ஷம், அளவுகடந்த களிப்பு. அதுவும் விரோதியே என்கிறார் ஸ்வாமி. நோய் ஒன்று, அது உள்ளே புகுந்த வாசல் இரண்டு.

வாசலை அறிந்து மருந்திட்டவரும் அவரே. அழகிய கண்களில் மயங்கி மனைவிக்குக் குடைபிடித்து நடந்த உறங்காவில்லி தாஸரை, ஸ்வாமி கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அரங்கனின் திருக்கண்களைக் காட்டினார். ஆசை எந்த வழியில் ஓடிற்றோ அந்த வழியிலேயே பெருமாளை எழுந்தருளப்பண்ணினார். விஷயங்களை விட்டவனுக்கும் சுவை மட்டும் எஞ்சி நிற்கும், பரனைக் கண்டபோதே அதுவும் நீங்கும் என்ற கீதையின் பொருளை அங்கே கண்ணால் காண்கிறோம்.

ஆகவே களிப்பு மிகுந்தவருக்கு ஒருவரும் அறியாத கைங்கர்யம் வாய்த்தது: விடியுமுன் பாத்திரம் துலக்குவது, அதை எவரிடமும் சொல்லாதிருப்பது. முதலில் முகம் சுளித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சோர்வு மிகுந்தவருக்குத் தனிமை கூடாது. ஆண்டாளும் திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் நெய்யையும் பாலையும் தோழியரோடு சேர்ந்தே விடுகிறாள். இருபத்தேழாம் பாட்டில் பாற்சோற்றை அவர்களோடு கூடியிருந்தே உண்கிறாள். விடுவதும் உண்பதும் கோஷ்டியாக. இதையொட்டி அவரை ததீயாராதனத்தில் பரிமாறும் பணிக்கு அழைத்தோம். உபவாஸத்தை நிறுத்தி வேளைக்கு உண்ணச் சொன்னோம்; மருத்துவரிடமும் அனுப்பினோம். இத்தகைய மிகையுணவை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்துள்ளது. அதைப் பாபம் என்று மட்டும் பேசுவது நமக்கு அழகன்று.

சென்ற கூடாரவல்லியன்று அவரே அக்காரவடிசில் பரிமாறினார். கடைசியில் நம் அருகில் அமர்ந்து ஒரு தொன்னை ப்ரஸாதம் ஸ்வீகரித்து எழுந்தார். அடுத்த வாரமே ஓர் இரவு மீண்டும் தவறினார். ஆனால் இம்முறை நான்கு மாதம் மறையவில்லை, ஷிப்டு பேருந்திலிருந்து இறங்கி, சீருடையோடே நம் திண்ணைக்கு வந்து, "அடியேன் நேற்று மறுபடியும் உண்டுவிட்டேன் ஸ்வாமி. இன்று ஸாற்றுமுறைக்கு வரலாமா?" என்று கேட்டார்.